முதலில் நிற்கட்டும்

பழைய மாருதி 800 வாங்குகிறவர்கள் அதற்குச் செய்யும் அலங்காரத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்டீரியோ. அப்புறம் சீட் உறை, அலாய் சக்கரம், எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும் ஹெட்லைட், தெருவையே எழுப்பும் ஹாரன். கையில் மிச்சம் இருந்தால் என்ஜினையும் கொஞ்சம் சீண்டிப் பார்ப்பார்கள். பிரேக்கும் சஸ்பென்ஷனும் இந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படாத பொருளுக்கு யார் செலவழிப்பார்கள்? தில்லி காஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜார், பெங்களூர் ஜே.சி. ரோடு, சென்னை புதுப்பேட்டை என்று எந்த உதிரி பாகச் சந்தைக்குப் போனாலும் இந்த மனப்பான்மையைப் பார்க்கலாம்.

வரிசையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். பழைய சின்னக் காரில் போடும் முதல் ரூபாய், அதை நிறுத்துவதற்கான ரூபாயாக இருக்க வேண்டும்.

காரணம் வண்டியில் மட்டும் இல்லை, சாலையிலும் இருக்கிறது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியைக் கொடுத்தபோது அதன் விலை 50,000 ரூபாய்க்கும் குறைவு. 1986இல் இன்று நமக்குப் பழக்கமான உருவம் வந்தது. 796 சி.சி. என்ஜின், 12 அங்குலச் சக்கரம், ஏறத்தாழ 650 கிலோ எடை. அம்பாசிடரும் பத்மினியும் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது காகிதப் பட்டம் போலப் பறந்தது. அன்றைய நெடுஞ்சாலையில் மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் நடுவே 60 கிலோமீட்டர் வேகமே பெரிய வேகம். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்பதற்குள் 25 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. இதற்கிடையில் 2002இல் மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வே முழுமையாகத் திறந்தது. 2012இல் 165 கிலோமீட்டர் யமுனா எக்ஸ்பிரஸ்வே வந்தது. சாலை ஒரு தலைமுறை முன்னே போய்விட்டது. வண்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதுவும் அந்தச் சாலையில்தான் ஓடுகிறது.

வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். நல்ல டயர், நல்ல பிரேக், காய்ந்த சாலை என்று வைத்துக்கொண்டால்கூட 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 9 மீட்டரில் நிற்கும் கார், 80இல் சுமார் 36 மீட்டர் போகும். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்றால் அதற்குள் இன்னொரு 22 மீட்டர். மொத்தம் 58 மீட்டர். முன்னால் போகும் புதிய காரில் ஏபிஎஸ் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்கும் எல்லாக் கார்களிலும் அது கட்டாயம். பின்னால் வரும் 800இல் அது இல்லை. ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்; வண்டி சறுக்கும்; ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராகத்தான் போகும். 2022ஆம் ஆண்டில் நம் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. இந்தச் சூழலில் நிற்கும் தூரத்தில் ஐந்து மீட்டரைக் குறைப்பது சின்ன விஷயம் இல்லை.

இந்த வண்டிகளை இன்று ஓட்டுபவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். முதல் சொந்தக்காரர் எப்போதோ பெரிய காருக்குப் போய்விட்டார். தில்லியில் பழைய வண்டிகள் மீது 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் கொண்டுவந்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு எத்தனையோ கார்கள் தடையில்லாச் சான்றிதழுடன் வெளி மாநிலங்களின் சிறு நகரங்களுக்குப் பயணமாயின. மூன்றாவது, நான்காவது கைக்கு வந்த கார் அது. புதிதாக ஓட்டக் கற்றவர், ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போய்க்கொண்டிருந்த குடும்பம் என்று அனுபவமும் பணமும் குறைவாக உள்ளவர்களிடம்தான் அது போய்ச் சேருகிறது.

செய்தி அறையில் ‘சஸ்பென்ஷன்’ என்ற சொல் வந்தால் மொழிபெயர்ப்பவர் கை தானாகப் ‘பணி இடைநீக்கம்’ என்று எழுதும். காரின் சஸ்பென்ஷனுக்கு அகராதி தரும் எந்தச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் செல்லாது. தமிழ்நாட்டு மெக்கானிக்குக்கு அது சாக்கப்சர். தில்லி மெக்கானிக்குக்கு ஷாக்கர். அதிர்ச்சியைத் தாங்க வைத்த பொருள் தலைநகரில் அதிர்ச்சி தருவதாகிவிட்டது! உண்மையில் இரண்டு பெயருமே பொருந்தாது. பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது சுருள் ஸ்பிரிங். அது அதன்பின் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் எண்ணெய் நிரப்பிய அந்தக் குழாயின் வேலை. எண்ணெய் கசிந்து போனால் சக்கரம் பந்து போல் குதிக்கும். குதித்த சக்கரம் தரையில் அழுத்தமாகப் பதியாத நேரத்தில் பிரேக் இருந்தும் பயனில்லை. சஸ்பென்ஷனை முதுகு வலி சம்பந்தப்பட்ட சமாச்சாரமாக நினைக்கிறோம். அது பிரேக்கின் கூட்டாளி.

எங்கே தொடங்குவது? டயரில். சக்கரத்தை நிறுத்துவது பிரேக். வண்டியை நிறுத்துவது டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. குறைவாக ஓடிய காரில் பட்டை தேயாமலே ரப்பர் இறுகிப் போயிருக்கும். மழையில் அது சோப்பு. அழகுக்காக மிக அகலமான டயர் போடுவதும் வேண்டாம். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் கை கடுக்கும். இலேசான காரில் தேங்கிய தண்ணீர் மேல் மிதக்கவும் செய்யும்.

அடுத்தது பிரேக். இதை மேம்படுத்துவதற்கு முன் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முன் டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருக்கிறதா, பேடு எவ்வளவு மிச்சம், பின் டிரம்மில் வீல் சிலிண்டர் கசிகிறதா, ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் இந்த எண்கள் 230, 155. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக மாற்றி, காற்று நீக்கி, டாட் 4 நிரப்புவதற்குச் சில நூறு ரூபாய்தான். இவ்வளவு மலிவான மேம்பாடு வேறு கிடையாது. பெயர் ஒன்று போல இருந்தாலும் டாட் 5 வேறு சாதி, சிலிகான். இதனுடன் கலக்கவே கூடாது.

மலைப் பாதையில் இந்த எண்களுக்கு அர்த்தம் புரியும். சிம்லாவிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ இறங்கும்போது காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் பேடு காய்ந்து, அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், எனவே பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது சாக்கப்சர். காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஆயுள் முடிந்தது. வலது, இடது இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றையும் பார்த்து, கடைசியில் வீல் அலைன்மென்ட். இவ்வளவும் செய்தாலே இருபது வயது 800 வேறு வண்டியாகத் தோன்றும். இத்தனைக்கும் இதில் ‘அப்கிரேடு’ என்று ஒன்றும் இல்லை.

அப்கிரேடு என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் எதிர்த் திசையில் போகின்றன. கார் தாழ்ந்து ‘ஸ்போர்ட்டி’யாகத் தெரிய வேண்டும் என்று ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடுகிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். பழைய சாக்கப்சரால் அதை அடக்க முடியாது. டிக்கியில் ஐம்பது கிலோவுக்கு மேல் சிஎன்ஜி சிலிண்டர் ஏற்றிய பிறகு பின்புறம் தொங்கினால், ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவே ரப்பர் துண்டைச் செருகுகிறார்கள். வேறு காரின் பெரிய டிஸ்க்கை மாட்டும் துணிச்சல்காரர்களும் உண்டு. 12 அங்குலச் சக்கரத்துக்குள் அது அடங்காது என்பதால் சக்கரத்தையும் மாற்ற வேண்டிவரும். முன்னும் பின்னும் பிரேக் விசை பிரிவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் குலைத்துப் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் பம்பரமாகச் சுழலும்.

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதியை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் கேள்வி தனி. ஆகவே சாதாரண மனிதனுக்கான மேம்பாடு எளிமையானது: அந்த மாடலுக்கென்றே தரமான நிறுவனம் செய்த கேஸ் சாக்கப்சர், நல்ல பேடு, புதிய ஹோஸ், டாட் 4 ஆயில். பூஸ்டர் இல்லாத பழைய 800இல் அதைப் பொருத்த நினைப்பவர், கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

சந்தையில் ‘ஒரிஜினல்’, ‘டூப்ளிகேட்’ என்பவற்றுக்கு நடுவே ‘கம்பெனி மாதிரியே’ என்று மூன்றாவது ஜாதி ஒன்று உலவுகிறது. கதவுக் கைப்பிடியில் அதை வாங்கினால் நஷ்டம் பணத்தோடு போகும். பிரேக் பேடில் வாங்கக் கூடாது. பில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஆளில்லாத சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு அழுத்திப் பிரேக் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நின்றால் காசைக் கொடுக்கலாம். ஸ்டீரியோ அடுத்த மாதச் சம்பளத்தில் வரட்டும்.