1996: இன்ஜினியர்களே மூடிவைத்த சாம்பியன்ஷிப்

யூடியூப்ல ஓப்பல் காலிப்ரா 1996-னு தேடி, ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்க. ரெண்டரை லிட்டர் வி6 இன்ஜின். சாதாரணமா ஷோரூம்ல வித்த ஒரு கூப்பே காரோட பெயரை வச்சுக்கிட்டு இப்படி ஒரு சத்தமானு தோணும். எங்க மெக்கானிக்கல் வாட்ஸ்அப் குரூப்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்த வீடியோ வந்துடும். கூடவே அதே வசனமும் வரும்: "அப்பல்லாம் ரூல்ஸ் கம்மி மச்சான், இன்ஜினியரை இன்ஜினியரா வேலை செய்ய விட்டாங்க. இப்ப எதைத் தொட்டாலும் தடை."

நானும் ரெண்டு வருஷம் இதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்தான். இப்போ அது தப்புன்னு நினைக்கிறேன். அந்த வீடியோவில் ஓடுகிற சீசனே அதற்குச் சாட்சி.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா ஒரு முன்கதை. டிடிஎம் என்பது ஜெர்மனியின் டூரிங் கார் சாம்பியன்ஷிப். 1984-ல் ஆரம்பிச்சது. ரோட்டில் ஓடுகிற கார் மாதிரியே தெரியுற கார்கள்தான் அங்கே ரேஸ் ஓடும். 1993-ல் புது விதி வந்தது. இன்ஜின் ரெண்டரை லிட்டர், அதிகபட்சம் ஆறு சிலிண்டர். அந்த இன்ஜின் கம்பெனியின் ஏதாவது ஒரு உற்பத்தி இன்ஜினிலிருந்து பிறந்திருக்கணும். பாடி, சக்கரத்தின் நடுக்கோட்டுக்கு மேலே ரோடு கார் மாதிரி இருக்கணும். கோட்டுக்குக் கீழே? உங்க இஷ்டம்.

இந்த "உங்க இஷ்டம்" இருக்கே, அதுதான் நம்மளை மாதிரி ஆட்களுக்குத் தீனி. மெர்சிடிஸ் என்ன செஞ்சாங்க தெரியுமா? தோதான வி6 கையில் இல்லை. கையில் இருந்த வி8-ல் ரெண்டு சிலிண்டரைக் கழிச்சு ஒரு வி6 பண்ணினாங்க. ஓப்பலிடம் சொந்தமா ஒரு வி6 இருந்தது, ஆனால் அதோட வி கோணம் 54 டிகிரி. ரேஸுக்கு அகலமான கோணம் நல்லது; இன்ஜினின் எடை கீழே இறங்கும், நடுவில் காற்றுக் குழாய்களுக்கு இடம் கிடைக்கும். அதனால ஓப்பல் பேட்ஜில் வித்த மான்டெரே என்கிற பெரிய ஜீப் மாதிரி வண்டியைப் பார்த்தாங்க. அது உண்மையில் ஜப்பானின் இசுசு தயாரிப்பு, அதன் வி6 75 டிகிரி. விதிப்படி அதுவும் "நம்ம கம்பெனி உற்பத்தி"தானே! அதை அடிப்படையா வச்சு காஸ்வொர்த்திடம் கொடுத்து ரேஸ் இன்ஜின் செய்ய வச்சாங்க. சேறு சகதியில் ஓட்டுற வண்டியின் இன்ஜின் வம்சம், ஹாக்கன்ஹைமில் போய் அலறுது. விதிப் புத்தகத்தை இப்படிப் படிக்கிறவனைப் பார்த்தா எனக்கு இன்னும் மரியாதைதான் வருது, மறைக்க மாட்டேன்.

இதோட நிற்கலை. காலிப்ராவுக்கு வில்லியம்ஸ் கூட சேர்ந்து ஹைட்ராலிக்கில் இயங்கும் செமி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஆமாம், ஃபார்முலா ஒன் வில்லியம்ஸேதான். நாலு சக்கரத்துக்கும் பவர். ஏபிஎஸ். டிராக்‌ஷன் கன்ட்ரோல். இதில் ஒரு வேடிக்கை கவனிங்க: ஏபிஎஸ்ஸையும் டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் 1994-லேயே ஃபார்முலா ஒன்னில் தடை பண்ணிட்டாங்க. அதாவது 1996-ல், உலகத்தின் உச்ச ரேஸில் அனுமதி இல்லாத எலக்ட்ரானிக்ஸ், கதவும் டிக்கியும் இருக்கிற கார்களில் ஓடிக்கிட்டிருந்தது.

அந்த 1996 சீசனுக்குப் பெயரே மாறிப்போச்சு. எஃப்ஐஏ பொறுப்பில் "இன்டர்நேஷனல் டூரிங் கார் சாம்பியன்ஷிப்", சுருக்கமா ஐடிசி. ஜெர்மனியில் பிறந்த பந்தயம் ஹெல்சிங்கிக்குப் போச்சு, சில்வர்ஸ்டோனுக்குப் போச்சு, கடைசியில் கடல் தாண்டி பிரேசிலின் இன்டர்லாகோஸ், ஜப்பானின் சுசூகா வரை போச்சு. மூணே கம்பெனிகள்: ஓப்பல், மெர்சிடிஸ், ஆல்ஃபா ரோமியோ. ஓட்டுனர் பட்டியல் மட்டும் கனமா இருந்தது. பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் ரேஸ்கள் ஜெயித்த ஃபிசிகெல்லா ஆல்ஃபாவில். பின்னாளில் இண்டி 500 ஜெயித்த ஃபிரான்கிட்டி மெர்சிடிஸில்.

சாம்பியன் மானுவல் ரியூட்டர், யோஸ்ட் டீமின் காலிப்ராவில். மனுஷனுக்கு அது என்ன வருஷமோ, அதே 1996-ல்தான் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸையும் ஜெயிச்சார், அதுவும் யோஸ்ட் டீமுக்காகவே. ரெண்டாவது மெர்சிடிஸின் பெர்ன்ட் ஷ்னைடர். ஓப்பலும் ஆல்ஃபாவும் நாலு சக்கர டிரைவில் ஓடினப்போ, பின் சக்கர டிரைவை மட்டும் வச்சுக்கிட்டு அங்கே வந்தார். மூணாவது ஆல்ஃபாவின் அலெஸ்ஸாண்ட்ரோ நன்னினி. எனக்கு அந்த சீசனில் பிடிச்ச ஆள் இவர்தான். 1990-ல் ஹெலிகாப்டர் விபத்தில் வலது கை துண்டாகி, ஆபரேஷனில் ஒட்ட வச்சாங்க. அவர் ஃபார்முலா ஒன்னில் ஜெயிச்சது ஒரே ஒரு ரேஸ், 1989-ல், சுசூகாவில். ஏழு வருஷம் கழிச்சு அதே சுசூகாவில்தான் ஐடிசியின் கடைசி ரேஸும்.

கடைசின்னா, அந்த சீசனுக்கு மட்டும் கடைசி இல்லை. ஓப்பலும் ஆல்ஃபாவும் விலகிட்டாங்க. மெர்சிடிஸ் தனியா யாரோட ஓட்டும்? கடையை மூடிட்டாங்க. 1997-ல் டிடிஎம்மும் இல்லை, ஐடிசியும் இல்லை.

எஃப்ஐஏவையும் டிவி உரிமையையும் குறை சொல்றவங்க நிறைய. அதிலும் நியாயம் இருக்கு. வீட்டுப் பக்கத்தில் பார்த்த ரேஸை சாவ் பாவ்லோவுக்குத் தூக்கிட்டுப் போனா நியூரெம்பெர்க் ரசிகன் என்ன பண்ணுவான்? ஆனால் அதை மட்டும் சொல்லி நம்ம ஜாதியை, அதாவது இன்ஜினியர்களை, தப்பிக்க விட எனக்கு மனசில்லை. ஒவ்வொரு கம்பெனியும் எதிராளி செஞ்சதைவிட ஒரு படி மேலே போனது. போன வருஷப் புதுமை இந்த வருஷம் நுழைவுச்சீட்டு ஆயிடுச்சு. ஏபிஎஸ் எல்லார்கிட்டயும் இருக்குன்னா, அதனால் யாருக்கும் லாபம் இல்லை, செலவு மட்டும் எல்லாருக்கும் உண்டு. அந்தக் கார்களால் விற்க வேண்டிய கார் எதுன்னு பாருங்க: காலிப்ராவின் உற்பத்தி 1997-ல் நின்னுபோச்சு. ஆல்ஃபா 155 அதற்கு அடுத்த வருஷம். சாகப்போகிற மாடலுக்கு ஃபார்முலா ஒன் கம்பெனியை வச்சு கியர்பாக்ஸ் பண்ணியிருக்காங்க. ஒரு கணக்குப்பிள்ளை கண்ணால் பார்த்தா இதில் எந்த அர்த்தமும் இல்லை. கடைசியில் முடிவு எடுத்ததும் கணக்குப்பிள்ளைகள்தான்.

"ஒரு தடவை நடந்தது, தற்செயல்" அப்படின்னு நினைக்கிறீங்களா? மெர்சிடிஸ் அங்கிருந்து நேரா எஃப்ஐஏ ஜிடி சாம்பியன்ஷிப்புக்குப் போனது. 1998-ல் ஜிடி1 பிரிவின் பத்து ரேஸ்களையும் அதுவே ஜெயிச்சது. பத்துக்குப் பத்து. அடுத்த வருஷம் ஜிடி1 பிரிவே இல்லை.

இப்போ மறுபக்கம். 2000-ல் டிடிஎம் திரும்பி வந்தது. இந்தத் தடவை 4 லிட்டர் வி8, பின் சக்கர டிரைவ், ஏபிஎஸ் கிடையாது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது, கியர்பாக்ஸ் மாதிரி பல பாகங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி. நம்ம குரூப் பாஷையில் சொன்னா "போர் கார்". அந்த போர் கார், அதே வி8 அடிப்படையில், 2018 வரை 19 சீசன் ஓடியது. சுதந்திரமான ரெண்டரை லிட்டர் காலம் ஓடினது நாலு சீசன், 1993-லிருந்து 1996 வரை. எண்ணிக்கை பேசட்டும்.

இதற்கு ஒரு எதிர்வாதம் இருக்கு, அதையும் நேர்மையா வைக்கிறேன். விதி போட்டும் ஓப்பல் 2005 முடிவில் விலகத்தான் செஞ்சது. மெர்சிடிஸ் 2018-ல் போச்சு, ஆடி 2020-ல். கியர்பாக்ஸைப் பூட்டினா பணம் ஏரோடைனமிக்ஸ் பக்கம் ஓடும். தண்ணி மாதிரிதான், ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் கசியும். கடைசியில் 2021-லிருந்து யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஜிடி3 கார்களுக்கு மாறிட்டாங்க. அங்கே வேகமா இருக்கிற காருக்கு எடை ஏத்தி, பவர் குறைச்சு எல்லாத்தையும் சமமாக்குறாங்க. அது எனக்குப் பிடிக்கலை. நல்லாப் படிச்சவன் மார்க்கைக் குறைச்சு எல்லாரையும் பாஸ் பண்ற மாதிரி இருக்கு. என் வாதம் "எல்லாத்தையும் சமமாக்கு" என்பது இல்லை. செலவையும் ஒரு டிசைன் அளவா எடுத்துக்கோ, எடையையும் விறைப்பையும் எடுத்துக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு இழுக்கிறேன்னா, நாங்களும் ஒரு ஐடிசி நடத்தினோம்.

போன வருஷம் எங்க காலேஜ் டீம் கட்டின வண்டி உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க. அதற்கு முந்தின வண்டி சுமாரா ஓடி, எல்லா டெஸ்ட்டையும் முடிச்சது. எங்களுக்கு அது போதலை. நான்தான் முதல் ஆளா கத்தினேன், "இந்தத் தடவை காம்ப்ரமைஸே கிடையாது". அலுமினியத்தில் முடிஞ்சிருக்க வேண்டிய பாகங்களை கார்பன் ஃபைபரில் போட்டோம். டெலிமெட்ரி வாங்கினோம், அதன் டேட்டாவை இன்னிக்கு வரை யாரும் உட்கார்ந்து படிக்கலை. ஸ்பான்சர் பணம் தீர்ந்ததும் தலைக்கு இவ்வளவுன்னு வசூல். ரெண்டு தடவை. மூணாவது தடவை வசூல் கேட்டப்போ ரெண்டாம் வருஷப் பையன் ஒருத்தன் குரூப்லேர்ந்து சத்தமில்லாம வெளியே போயிட்டான். வெல்டிங்கில் எங்களைவிட அவன் கை சுத்தம். அப்பாவுக்கு சொந்தமா ஒரு லேத் பட்டறை, சின்ன வயசிலிருந்து அங்கேயே வளர்ந்தவன். அவன் போனதை நான் கவனிச்சதே நாலு நாள் கழிச்சு, ஒரு பிராக்கெட் விரிசல் விட்டு, "அவனைக் கூப்பிடுடா"ன்னு யாரோ சொன்னப்போதான்.

போட்டியில் எங்க ரேங்க் ஏறினது உண்மை. போட்டோ காலேஜ் போர்டில் இருக்கு. ஆனால் இந்த வருஷம் ஜூனியர்ஸ் கையில் நாங்க கொடுத்தது என்ன? ஒரு கடன் லிஸ்ட், ரிப்பேர் பண்ண இவங்களால் முடியாத ஒரு கார்பன் பாகம், பத்துப் பேர் குறைஞ்ச ஒரு டீம். காலிப்ராவை வீடியோவில் பார்த்துக் கைதட்டுறப்போ, ஐடிசிக்கு 1997 இல்லாமப் போனது ஞாபகம் வராது. எனக்கும் வரலை.

எல்லா மாணவர் போட்டியிலும் காஸ்ட் ரிப்போர்ட்னு ஒண்ணு உண்டு, தெரியும்தானே? கடைசி ராத்திரி ரெண்டு மணிக்கு, யார் தூங்காம இருக்கானோ அவன் தலையில் கட்டி, எக்செல்லில் நிரப்பி அனுப்புவோமே, அதுதான். இந்த வருஷம் அதை முதல் வாரத்திலேயே எழுதச் சொல்லியிருக்கேன், வண்டியின் முதல் ஸ்கெட்ச் போடுறதுக்கு முன்னாடி. அதில் முதல் வரி: தலைக்கு வசூல் பூஜ்யம். பசங்க சிரிக்கிறாங்க, "அண்ணா கிழவன் ஆயிட்டாரு"ன்னு. சிரிக்கட்டும்.

அந்த வெல்டிங் பையனிடம் போன செவ்வாய்க்கிழமை கேன்டீனில் பேசினேன். மன்னிப்பு கேட்டேன், நேரடியா. யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னான், டீக்கு அவனே காசு கொடுத்துட்டுப் போயிட்டான். இன்னும் பதில் வரலை.