எந்த ஊர்ச் சோறு பெரிது?

அமெரிக்காவில் பிள்ளைகள் பணியாற்றும் குடும்பங்கள் இன்று நம் கோட்டாற்றிலும் இடலாக்குடியிலும் உண்டு. விடுமுறைக்கு வரும் அந்தப் பிள்ளைகள் பெட்டியோடு ஒரு வழக்கையும் கொண்டு வருகின்றனர். உணவுக்குச் சிறந்த நகரம் நியூயார்க்கா, சிகாகோவா, ஹூஸ்டனா என்பதே அவ்வழக்கு. சிகாகோவின் டெவான் சாலையில் ஹைதராபாத்தும் லாகூரும் அடுத்தடுத்த கடைகளில் மணக்கின்றன என்பார் ஒருவர். மிச்சிகனில் அரபு மக்கள் நிறைந்து வாழும் டியர்பார்ன் நகருக்கு ஈடேது என்பார் மற்றவர். கேட்டுக் கொண்டிருக்கும் பாட்டிமாருக்கு இவை வெறும் பெயர்கள். ஆனால் இந்த வழக்கு நம்மைப் பற்றியதும்தான்.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் 1990ஆம் ஆண்டு எகிப்தியர் சிலர் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டிக் கடை வைத்தனர். முதலில் அவர்கள் விற்றது அமெரிக்கர் உண்ணும் சாதாரணத் தெருத் தின்பண்டமே. வாடகைக் கார் ஓட்டும் முஸ்லிம்கள் ஹலாலான உணவு கிடைக்காமல் அலைவதைக் கண்டு, சோறும் கோழி இறைச்சியும் தரத் தொடங்கினர். இன்று அவ்வண்டியின் பெயரில் வெளிநாடுகளிலும் உணவகங்கள் நடக்கின்றன. வீட்டைப் பிரிந்து வந்தவனின் பசிதான் அந்நகரின் புகழ்பெற்ற ஓர் உணவுக்கு வித்திட்டது.

இதை நம்மவர் வெகுகாலத்திற்கு முன்னரே செய்து முடித்தனர். தென்காசி, கடையநல்லூர், இராமநாதபுரக் கரையோர ஊர்கள் ஆகியவற்றிலிருந்து மலாயா சென்ற தமிழ் முஸ்லிம்கள், பினாங்குத் துறைமுகத்தில் காவடித் தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறியையும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றனர். நாசி என்பது மலாய் மொழியில் சோறு; கண்டார் என்பது அந்தக் காவடி. நாசி கண்டார் இன்று மலேசியாவின் பெருமைக்குரிய உணவுகளில் ஒன்று. தோள் காய்த்துப் போன அந்த மனிதர்களின் பெயர்களைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை.

சரி, நம் தமிழகத்து ஊர்களை ஒப்பிட்டால் எப்படியிருக்கும்? ஆம்பூர் முதலில் வந்து நிற்கும். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த வற்றல் மிளகாய், பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய். ஆர்க்காட்டு நவாபுகளின் சமையற்கூடத்திலிருந்து வந்தது என்பது அவ்வூராரின் நம்பிக்கை. திண்டுக்கல்லும் அதே சீரகச் சம்பாவை நம்பியதுதான். ஆனால் அந்தப் பிரியாணிக்குப் பெயர் வாங்கித் தந்த கடையை 1957இல் தொடங்கியவர் தலைப்பாகை அணிந்த நாகசாமி நாயுடு. பிரியாணி எங்களுடையது என்று மார்தட்டும் நம் இளைஞர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். கைப்பக்குவம் சாதி, சமயம் பார்ப்பதில்லை.

புகழுக்கு ஒரு தொல்லையும் உண்டு. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றானபோது எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. ஓர் ஊரின் உணவைக் கொண்டாடப் புகுந்தவர்கள், அவ்வூர் ஏழைகள் உண்பதை மறைத்துவிட்டுக் கொண்டாட முனைந்தால் வேறென்ன நடக்கும்?

காயல்பட்டினமும் கீழக்கரையும் வேறு வகை. அங்குள்ள சிறந்த உணவு கடையில் கிடைப்பதில்லை, அழைப்பு வேண்டும். காயலின் நெய்ச்சோறும் களரிக் கறியும் கத்தரிக்காய்ப் பருப்பும் ஒரே சஹனில் வைக்கப்பட, இருவர் மூவராகச் சுற்றி அமர்ந்து உண்கின்றனர். பணக்காரரின் விரலும் கூலித் தொழிலாளியின் விரலும் ஒரே தட்டில் படும் விருந்து அது. தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த வட்டிலாப்பம், கீழக்கரையின் தொதல் ஆகியவற்றில் இலங்கையும் மலாய் நாடும் கலந்திருக்கின்றன. கப்பலில் போனவர்கள் பொன்னை மட்டும் கொண்டு வரவில்லை.

இவ்வளவு பழைய பக்குவங்கள் அவ்வூர்களில் அழியாமல் இருப்பதற்கு நான் காணும் காரணம் ஒன்றுண்டு. அங்கே திருமணமான பெண் தாய்வீட்டிலேயே தங்குவது நெடுநாள் வழக்கம். தாயின் அடுப்பருகே மகளும், அவளருகே பேத்தியும் நிற்கின்றனர். பெண் பிறந்த வீட்டைவிட்டுப் போகும் ஊர்களில் அச்சங்கிலி ஒவ்வொரு தலைமுறையிலும் அறுபட்டு, மாமியார் வீட்டு ருசிக்கேற்ப மாறிப் போகிறது.

இனி நம் கோட்டாறு. பெருஞ்சந்தை நம் வாசலில் இருக்கிறது. குளச்சல், முட்டம் கடல்மீன் வந்திறங்குகிறது. தேங்காய்க்கும் ஏத்தன்பழத்திற்கும் பஞ்சமில்லை. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் ஆதலால், விசாகம் திருநாள் மன்னர் பரவச் செய்த மரச்சீனிக்கிழங்கு நம் வீட்டு மீன்கறிக்குத் துணையாயிற்று. தமிழகத்து மசாலாவும் மலையாளக் கரையின் தேங்காயும் ஒரே சட்டியில் கொதிக்கும் ஊர் நம்முடையது. ஆயினும் எந்தப் பட்டியலிலும் அதன் பெயர் வருவதில்லை. ஆண்கள் கடை வைத்துச் சமைத்த ஊர்கள் புகழ் பெற்றன. பெண்கள் வீட்டில் சமைத்த ஊர்கள் பெறவில்லை என்பதே என் துணிபு.

இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் ஒரே வேளையில் நூறு பொருள்களில் கருத்தைச் செலுத்திச் சதாவதானியெனப் பெயர் பெற்றார். ஓர் அடுப்பில் சோறு, மறு அடுப்பில் கறி, இடுப்பில் குழந்தை, வாசலில் விருந்தாளி என நிற்கும் நம் பெண்களின் அவதானத்திற்குத்தான் பட்டமளிக்க ஆளில்லை. அதுவும் போகட்டும். விருந்து முடிந்தபின் சட்டியின் அடியில் எஞ்சியதை அவர்கள் உண்கிறார்களே, அதைப் பார்த்துக் கொண்டே நாம் கை கழுவுகிறோமே! கூடி உண்பதில் பரக்கத் உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தது ஆண்களின் பந்திக்கு மட்டுமா?

சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். இம்மாதம் உங்கள் உம்மாவிடமோ மாமியாரிடமோ அமர்ந்து ஒரே ஒரு கறியின் பக்குவத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். “ஒரு கை மல்லி, கண்ணளவு உப்பு” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கையில் அள்ளிய மல்லியை அப்படியே வாங்கி, உழக்கில் அளந்து எழுதுங்கள். தேங்காய் எத்தனை, முதற்பால் எப்போது, இரண்டாம் பால் எப்போது என்பதையும் கேளுங்கள். அருகில் மகளையும் அமர்த்திக் கொள்ளுங்கள், மகனையும்தான். நாளை ஹூஸ்டனில் தனியறையில் சமைக்கப் போகிறவன் அவன்.