யானைக்கும் அடி சறுக்கும்!
கோடீசுவர கால்பந்து கிளப்புகளை ஆட்டிப் படைக்கும் பயம்

பரமபதம் ஆடியிருக்கிறீர்களா? ஏணியில் ஏறி, "இதோ ஜெயித்துவிட்டோம்" என்று நினைக்கும்போது பாம்பு கடிக்கும். காய் சர்ரென்று கீழே இறங்கிவிடும்.

இங்கிலாந்து நாட்டுக் கால்பந்தும் அப்படித்தான்.

அங்கே மேல் படியில் 20 கோஷ்டிகள் ஆடுகின்றன. இந்தப் போட்டிக்கு "பிரீமியர் லீக்" என்று பெயர். ஒவ்வொரு கோஷ்டிக்கும் 38 ஆட்டங்கள். ஜெயித்தால் 3 புள்ளி. சமமாக முடிந்தால் 1 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை.

கடைசி 3 இடங்களில் நிற்பவர்கள் அடுத்த ஆண்டு கீழ்ப் படிக்குப் போய்விட வேண்டும். ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது!

கீழே போனால் டெலிவிஷன் மூலம் வரும் பெரும் பணம் குறைந்துவிடும். சில ஆண்டுகளுக்கு உதவித் தொகை உண்டு. ஆனால் அது பழைய வருமானத்துக்கு ஈடாகாது.

கடன் வாங்கிய கிளப்

லீட்ஸ் யுனைடெட் என்று ஒரு கிளப். 2001ல் அது ஐரோப்பாவின் சிறந்த 4 கோஷ்டிகளில் ஒன்றாக நின்றது.

வெற்றி தொடரும் என்று நம்பினார்கள். இனிமேல் வரப்போகும் டிக்கெட் வசூலைக் காட்டி, 6 கோடி பவுன் கடன் வாங்கினார்கள். (பவுன் என்பது அந்த நாட்டு நாணயம்.) விலை உயர்ந்த ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்தார்கள்.

எதிர்பார்த்த வெற்றி வரவில்லை. கடன் மட்டும் நின்றது. நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றார்கள். 2004ல் கோஷ்டி கீழே இறங்கியது. அதே ஆண்டில் சொந்த மைதானத்தையும் விற்றார்கள். 2007ல் இன்னும் ஒரு படி கீழே போனது.

மறுபடியும் மேல் படிக்கு வந்தது 2020ல்தான்! 2004ல் தொட்டிலில் கிடந்த குழந்தை, அதற்குள் மீசை முளைத்த வாலிபனாகிவிட்டது.

ஜெயித்தும் பயன் இல்லை

லெஸ்டர் சிட்டி 2016ல் சாம்பியன். அதன் சொந்தக்காரர்கள், தாய்லாந்து நாட்டைச் சேர்ந்த பெரும் பணக்காரக் குடும்பத்தினர்.

2023 மே 28ந் தேதி கடைசி ஆட்டம். லெஸ்டர் ஜெயித்தது. ஆனால் அதே நேரத்தில் வேறு ஊரில் எவர்ட்டன் கோஷ்டியும் ஜெயித்தது. 2 புள்ளி வித்தியாசத்தில் எவர்ட்டன் தப்பியது. லெஸ்டர் கீழே போனது.

2024ல் மேலே ஏறியது. 2025ல் மறுபடியும் இறங்கிவிட்டது!

சாப்பாடு நின்றது

உலகப் புகழ் பெற்ற மான்செஸ்டர் யுனைடெட்டையும் இந்தப் பயம் விடவில்லை. 2024 ஜூலையில் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அக்டோபரில் அவரையே நீக்கினார்கள். புதியவர் வந்தார். பழையவர் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்கள் புதியவரின் முறைக்குப் பொருந்தவில்லை. தோல்வி மேல் தோல்வி. "கீழே இறங்கும் அபாயம் இருக்கிறது" என்பதைப் புதியவரே டிசம்பரில் ஒப்புக்கொண்டார். கடைசியில் 15வது இடம் பிடித்துத் தப்பினார்கள். இன்னொரு பணக்கார கிளப்பான டாட்டன்ஹாமுக்கு 17வது இடம். அதற்குக் கீழே பாம்பின் வாய்தான்!

மான்செஸ்டர் கிளப்பில் அதோடு முடியவில்லை. "5 ஆண்டுகளாக நஷ்டம்" என்றது நிர்வாகம். 2024ல் சுமார் 250 பேரின் வேலையைக் குறைத்தார்கள். மேலும் 150 முதல் 200 பேர் வரை வேலை இழக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாட்டையும் நிறுத்த முடிவு செய்தார்கள். சாப்பாட்டுக்குப் பதில் பழம்!

தவறான ஆட்டக்காரரை வாங்கியது யார்? மேலே இருப்பவர்கள். சாப்பாடு இழந்தது யார்? சாதாரண ஊழியர்கள்.

பணம் நல்ல ஆட்டக்காரரை வாங்கித் தரும். நல்ல கோஷ்டியை வாங்கித் தராது. அதற்குப் பொறுமையும் திட்டமும் வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது குடும்பத்துக்கு மட்டும் அல்ல, கோடீசுவர கிளப்புக்கும் பொருந்தும்.