மாறினால் சொல்லித் தொலையேன்!

இன்னிக்குக் கொஞ்சம் தொழில்நுட்பம். எழுதுவது காமர்ஸ்காரன்தான், பயப்படாமல் படிக்கலாம் :-)

வீட்டில் ஒரு பொது ஹார்ட் டிஸ்க் வைத்து போட்டோ, வரவு செலவு எல்லாம் பகிர்ந்துகொள்கிறவர்கள் நம்மில் நிறைய. தங்கமணி தன் கணினியில் ஒரு ஃபைலைச் சேர்த்தால் என் கணினிக்குத் தானாகத் தெரிய வேண்டாமா? விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. முறையில் தெரியும். யூனிக்ஸ் உலகத்து என்.எஃப்.எஸ். என்றால் பெரும்பாலும் தெரியாது. லினக்ஸில் 2005-ல் வந்த இன்நோட்டிஃபை, இந்தக் கணினியில் நடந்த மாற்றத்தைச் சொல்லும்; இன்னொரு கணினி செய்ததைச் சொல்லாது. 'அடிக்கடி நீயே போய்ப் பார்த்துக்கொள்' என்று அதன் கையேடே கைகழுவுகிறது. சரி, போய்ப் பார்த்தால்? ஃபோல்டர் விவரத்தை 30 முதல் 60 விநாடி வரை நினைவில் வைத்துப் பழையதையே காட்டுவதுதான் வழக்கமான அமைப்பு!

இதுக்குப் பெயர் எளிமையாம். இப்படி வாதாடுகிற மேதாவிகளோடுதான் என் சண்டை.

அறிவிப்பு வேண்டுமென்றால் யார் எதைப் பார்க்கிறார் என்று சர்வர் கணக்கு வைக்கணுமாம். வைக்கட்டுமே! யார் எந்த ஃபைலைத் திறந்தார், பூட்டினார் என்ற பேரேடு 2000-ல் வந்த நான்காம் பதிப்பிலேயே சேர்ந்தாச்சு. கேட்டவருக்கு, கேட்ட ஃபோல்டருக்கு மட்டும் சொன்னால் போதும்.

அடுத்து, இணைப்பு அறுந்தால் அறிவிப்பு தொலைந்துவிடுமாம், அதனால் நம்ப முடியாதாம். வங்கிக்காரனுக்குச் சிரிப்புதான் வருகிறது. பணம் எடுத்ததும் எஸ்.எம்.எஸ். வருகிறது, சில சமயம் வராது. அதற்காக எஸ்.எம்.எஸ்.ஸை நிறுத்திவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் கிளைக்கு போன் போடுங்கள் என்றா சொல்கிறோம்? அவ்வப்போது பாஸ்புக்கைச் சரிபாருங்கள் என்கிறோம். எஸ்.எம்.பி. செய்வதும் அதேதான். மாற்றங்கள் கொள்ளாத அளவு குவிந்தால், 'ஃபோல்டரை முழுசாகப் படித்துக்கொள்' என்று சொல்லிவிடும்.

இப்போதுதான் வேகம் இருக்கிறதே, கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன என்கிறார்கள். அந்தமானுக்கு வந்து சொல்லுங்கள் ஐயா! 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் திறக்கப்படும் வரை எங்களுக்குச் செயற்கைக்கோள்தான் கதி. கேள்வி 36,000 கி.மீ. மேலே ஏறி இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப அரை விநாடி. சென்னை சர்வரில் இருக்கும் ஆயிரம் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாய் 'மாறிச்சா?' என்று கேட்டால் எட்டு நிமிஷம் காலி. கப்பல் வந்துடுச்சா என்று நிமிஷத்துக்கொரு தரம் ஜெட்டிக்கு ஓடுகிறவன் உண்டா? கேபிள் வந்தபிறகும் அந்தக் கேள்விகள் வீண்தான், வேகமாக வீணாகின்றன.

கூத்து என்னவென்றால், 2010-ல் வெளியான 4.1 தரநிலையில், ஃபோல்டர் மாறினால் சொல்லும் வழி எழுதியே இருக்கிறது. 'விருப்பமிருந்தால் செய்யலாம்' என்று போட்டுவிட்டார்கள். லினக்ஸ் சர்வர் பல வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த 'விருப்பமிருந்தால்' என்பதை வெட்டிவிட்டு 'கட்டாயம்' என்று எழுதுங்கள் சாமி.