தடித்த டம்ளர் ஏன் உடைந்தது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை நமது வீட்டில் ஒரு சிறு விபத்து நேர்ந்தது. விருந்தினருக்கென்று எடுத்து வைத்த புதுக் கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றினார்கள். 'டப்'பென்று ஒரு சப்தம். டம்ளரின் அடிப்பாகம் தனியே கழன்றது. பால் அருகிலிருந்த குழந்தையின் காலில் கொட்டிவிட்டது. தெய்வாதீனமாக ஒன்றிரண்டு கொப்புளங்களுடன் போயிற்று.

"மெல்லிய டம்ளரானால் உடையும். இவ்வளவு தடித்தது எப்படியப்பா உடைந்தது?" என்று பாட்டியார் கேட்டார்.

தடித்திருந்ததனாலேயே உடைந்தது என்பதுதான் விடை.

உஷ்ணம் ஏறினால் பெரும்பாலான பொருள்கள் விரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கண்ணாடிக் கோலை 100 டிகிரி சென்டிகிரேடு அதிகமாகச் சூடேற்றினால், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும். பித்தளையோ அதைப்போல் இரு மடங்கு நீளும். ஆயினும் பித்தளை டம்ளர் வெடித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஏனெனில் பித்தளையில் உஷ்ணம் நொடியில் எங்கும் பரவிவிடுகிறது. உள்ளும் புறமும் சேர்ந்தே விரிகின்றன. கண்ணாடியில் உஷ்ணம் நத்தைபோல் நகர்கிறது. உட்புறம் விரிந்து விம்மும்போது, வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. உள்ளிருப்பது தள்ள, வெளியிலிருப்பது இழுபடுகிறது. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சுவர் எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்கு உள்ளுக்கும் புறத்துக்கும் உஷ்ண பேதம் அதிகம். முன்னாட்களில் எரியும் லாந்தரின் சிம்னிமேல் ஒரு சொட்டு மழைநீர் பட்டு அது விரிந்துபோனதும் இதனால்தான். அங்கே மேற்புறம் திடீரென்று சுருங்கி இழுபட்டது.

இந்த லாந்தர்த் தொல்லையே ஒரு நன்மைக்கு வழி வகுத்தது. அமெரிக்காவில், கார்னிங் நகரத் தொழிற்சாலையில், ரெயில்வே லாந்தர்களுக்காக அதிகம் விரியாத கண்ணாடியைச் செய்தார்கள். மணலோடு போரான் ஆக்ஸைடைச் சேர்த்து உருக்கும் இவ்வித்தையை ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் என்பவர் அதற்கு முன்பே கண்டிருந்தார். 1913-ல் ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற கார்னிங் விஞ்ஞானி, இத்தகைய ஜாடி ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். கண்ணாடி சிறிதும் அசையவில்லை. 1915-ல் 'பைரெக்ஸ்' பாத்திரங்கள் கடைக்கு வந்தன. நிபுணர்கள் எத்தனை பேர் இருந்தும், பரீட்சை நடந்தது ஓர் அம்மாளின் அடுப்பில்தான்!

போரோசிலிகேட் எனப்படும் அக்கண்ணாடி, சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்கே விரிகிறது. ஆனால் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று 'பைரெக்ஸ்' என்ற பெயரில் விற்பவை யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறாமல், 'போரோசிலிகேட்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம். சாதாரண டம்ளரே கைவசமிருந்தால், முதலில் வெந்நீரை வெதுவெதுப்பாக ஊற்றி அலசிக்கொள்ளலாம். உலோகக் கரண்டி ஒன்றைப் போட்டு அதன்மேல் ஊற்றினாலும், கரண்டி கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தை ஈரத் தரையில் வைப்பது மட்டும் கூடவே கூடாது.

நமது வீட்டில் எஞ்சிய ஐந்து டம்ளர்களும் இப்போது மோருக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டன. பால், பாட்டியாரின் உத்தரவுப்படி, பித்தளை டம்ளரில் வருகிறது.