ஒலிப்பதிவு மூலைக்குக் காசோலை வேண்டாம், பலகை போதும்!



பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்வதற்குப் பள்ளியிலோ வீட்டிலோ ஒரு சிறிய ஒலிப்பதிவு மூலை அமைக்கலாம் என்று யாரேனும் பேச்செடுத்தால், நம் கேமரன் மலைத் தோட்டங்களில் உடனே எழும் கேள்வி, "காசு யார் கொடுப்பது?" என்பதுதான். "பலகையை யார் அறுப்பது?" என்று கேட்பவர் அரிது. முதல் கேள்வி நம்மை நன்கொடையாளரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இரண்டாவது கேள்வியோ பிள்ளையின் தகப்பனாரைப் பள்ளிக்குள் அழைத்து வருகிறது. நான் இரண்டாவது கேள்வியின் பக்கம் நிற்கிறேன்.

ஒலிவாங்கியையும் கணினியையும் நாம் செய்ய இயலாது. அவற்றை வாங்கத்தான் வேண்டும். ஆனால் மேசை, கருவிகளை அடுக்கும் சட்டம், ஒலிபெருக்கித் தாங்கி, சுவரில் மாட்டும் தட்டி ஆகியவற்றையும் கடையிலேயே வாங்கவேண்டும் என்று நமக்கு யார் சொன்னது?

ஏன் இந்த அவசரம்?

இம்மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன்பின் காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்ட கைகளுள் பெரும்பகுதி தமிழ்க் கைகள். இன்று கொழுந்து பறிப்பவர்களுள் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் கீழே நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். லயத்து வீடுகளில் எஞ்சியிருக்கும் பாட்டிமார்களின் தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பேச்சும் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒரு குரல் குறைகிறது. நிதி வரட்டும் என்று காத்திருப்பது இந்த நிலையில் பொறுமை ஆகாது. அதற்குப் பெயர் அலட்சியம்.

வாங்கிய மேசையின் கதி

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேல். காலையில் பனிமூட்டம், மாலையில் மழை, இரவில் ஈரம். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்து, மேலே பளபளப்பான தாள் ஒட்டிய மலிவுப் பலகைக்கு இந்த ஈரமே எமன். விளிம்பில் நீர் புகுந்தால் பலகை அப்பம்போல் உப்பும். உப்பிய பலகையில் திருகாணி பிடிக்காது.

இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. நான் அறிந்த ஒரு பள்ளிக்குப் பெரிய விழா எடுத்து ஒலிப்பதிவுக் கருவிகளையும் மேசையையும் வழங்கினார்கள். மாலை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் சிறப்பாக நடந்தன. இரண்டு மழைக்காலம் கழிந்தது. மேசையின் கால் நெகிழ்ந்தது, தட்டு தொய்ந்தது, கருவிகள் மீண்டும் பெட்டிக்குள் போயின. பூசணம் பூத்த அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. ஏன்? அந்த மேசை எவருடைய கையாலும் செய்யப்பட்டதன்று. எவரும் செய்யாததைச் செப்பனிட எவருக்கும் உரிமையும் வருவதில்லை, அக்கறையும் வருவதில்லை.

அதே அறையில் 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையால் ஒரு மேசை செய்து, வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றிலும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வைத்திருந்தால் அது பல ஆண்டு நின்றிருக்கும். தளர்ந்த திருகாணியை ஐந்தாம் ஆண்டு மாணவனே முறுக்கியிருப்பான்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லவேண்டும். மலேசியாவிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகும் மரத் தளவாடங்களுக்கு முதன்மையான மூலப்பொருள் ரப்பர் மரம். பால் வற்றிய மரத்தை ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளில் வெட்டி, பூச்சியும் பூசணமும் அண்டாமல் மருந்தேற்றி, உலர்த்தி, நாற்காலியாகவும் மேசையாகவும் ஆக்குகிறார்கள். ஜொகூரின் மூவார் நகரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. நம் பாட்டன் பால் வெட்டிய மரம் எங்கோ ஒரு வீட்டில் மேசையாக நிற்கிறது. பேரன் வீட்டிலோ தூள் பலகை உப்பிக் கிடக்கிறது!

அடுக்குச் சட்டம் ஒரு கணக்குப் பாடம்

ஒலிக் கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிப் பூட்டும் சட்டத்திற்கு உலகம் முழுதும் ஒரே அளவுதான். கருவியின் முகத்தகடு 19 அங்குல அகலம், அதாவது 482.6 மி.மீ. உயரம் ஓர் அலகுக்கு 44.45 மி.மீ. அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் 1920களில் நிலைபெற்ற இந்த அளவுதான் இன்றும் நடப்பில் உள்ளது.

இதை வைத்து என்னென்ன கற்பிக்கலாம் என்று பாருங்கள். எட்டு அலகுப் பெட்டிக்கு உள்ளுயரம் எவ்வளவு வேண்டும்? 44.45ஐ எட்டால் பெருக்கினால் 355.6. சிறிது இடம் விட்டு 360 என்று கொள்வோம். உள்ளகலம் 485 என்றால், இருபுறமும் 18 மி.மீ. பலகை சேர்த்து வெளியகலம் எவ்வளவு? 521. கருவியின் உடல் நுழைய நடுவில் 450 மி.மீ. வெளி வேண்டும். அப்படியானால் இருபுறமும் பொருத்தும் செங்குத்துச் சட்டம் எவ்வளவு அகலம் இருக்கலாம்? 485இலிருந்து 450ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 17.5. பயிற்றியில் தசமத்தைக் கண்டால் கொட்டாவி விடும் மாணவன் இங்கே அரை மில்லிமீட்டருக்காக நண்பனோடு வாதாடுவான். பிழையாக அளந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கவேண்டியதில்லை. பலகையே பொருந்தாமல் நின்று சொல்லிவிடும்.

அறிவியலும் உண்டு. தட்டின் தடிமன் இரு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால்தான் 12 மி.மீ. தட்டைவிட 18 மி.மீ. தட்டு மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பாக நிற்கிறது. இந்த உண்மையை ஒரு செங்கல்லும் ஓர் அளவுகோலும் கொண்டு வகுப்பிலேயே காட்டலாம்.

நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் நமக்கு எதற்காகத் தரப்பட்டது? கடையில் வாங்கிய அட்டைப் பொம்மையை ஒட்டிப் படம் எடுத்துக் கோப்பில் சேர்ப்பதற்கா? ஆசிரிய நண்பர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போன பின்னும் தேர்வு மனம் நம்மை விட்டுப் போகவில்லை.

முட்டைத் தட்டு மூடநம்பிக்கை

ஒலிப்பதிவு அறை என்றதும் சுவரெங்கும் முட்டைத் தட்டு ஒட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். முட்டைத் தட்டு வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் எழும் எதிரொலியிலும் மேல் சுருதியில் சிறிதளவையே குறைக்கும். மெல்லிய காகித அட்டை அவ்வளவுதான் செய்யும். அதோடு எளிதில் தீப்பற்றும். நுரையும் அப்படியே. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003ஆம் ஆண்டு ஓர் இசை விடுதியில், சுவரில் ஒட்டிய நுரை வாணவேடிக்கைப் பொறியால் பற்றியெரிந்து 100 பேர் மாண்டனர். பிள்ளைகள் இருக்கும் அறையில் எதை ஒட்டுகிறோம் என்று எண்ணிப் பார்க்கவேண்டாமா?

செய்யத்தக்கது எளிது. 1,200 மி.மீ. நீளமும் 600 மி.மீ. அகலமும் உள்ள மரச்சட்டம். அதனுள் 50 மி.மீ. தடிமன் உள்ள ராக்வூல் பாளம். மேலே இறுக்கமாகத் தைத்த பருத்தித் துணி. சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி மாட்டினால் இன்னும் தாழ்ந்த சுருதிகளையும் அது உள்வாங்கும். ஈரமும் பின்னால் தங்காது. பாளத்தைக் கையாளும் வேலை பெரியவர்களுடையது. கையுறையும் முகமூடியும் கட்டாயம். துணியைத் தேர்ந்தெடுப்பதும் தைப்பதும் அம்மாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யலாம். நாகக் கூரைமேல் விழும் மழைச் சத்தத்திற்கு மட்டும் இந்தத் தட்டி மருந்தன்று. அதற்கு மருந்து கால அட்டவணைதான்: காலையில் பதிவு, மாலையில் மரவேலை.

எதிர்வாதங்கள்

ஒன்று: "பிள்ளையின் கை அறுபட்டால் யார் பொறுப்பு?" நியாயமான அச்சம். ஆகவே மின்வாளும் துளைக்கருவியும் மின் இணைப்பும் பெரியவர்களின் வேலை. அளப்பது, கோடு போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, பசை பூசுவது, திருப்புளியால் முறுக்குவது ஆகியவை பிள்ளைகளின் வேலை. இவ்வளவு வேலை இருக்கும்போது வாளைக் கொடுக்கவேண்டிய தேவையே இல்லை.

இரண்டு: "பாட்டுப் பதிவு செய்து பிழைக்க முடியுமா?" எல்லாரும் பிழைக்க முடியாதுதான். நாம் கற்பிக்கும் எல்லாவற்றையும் இப்படித்தான் அளக்கிறோமா? தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளை தன் லகர ளகரப் பிழையைத் தானே கண்டுபிடிக்கிறது. நூறு முறை நாம் திருத்தியும் வராதது அங்கே வந்துவிடும். தமிழாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவது வாதம்தான் கனமானது. "தோட்டத்தில் நாங்கள் கையால் உழைத்து உழைத்துத் தேய்ந்தது போதும். எங்கள் பிள்ளையாவது நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யட்டும்." இதைச் சொல்லும் தகப்பனாரை நான் வணங்குகிறேன். அவர் பட்ட பாடு அப்படி. ஆனால் ஐயா, உங்களைச் சிறுமைப்படுத்தியது உங்கள் கைத்திறன் அன்று. குறைந்த கூலியும் சொந்தமில்லாத வீடும்தான் சிறுமை. பழுதான கதவைச் சீர்செய்கிறீர்கள், சரிவில் படிக்கட்டு அமைக்கிறீர்கள், கோயில் திருவிழாவிற்குப் பந்தல் போடுகிறீர்கள். அந்த அறிவைப் பிள்ளையிடமிருந்து மறைத்தால், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றே பிள்ளை எண்ணி வளரும். அந்த எண்ணம் நம் குடும்பங்களில் செய்யும் கேட்டை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். வெட்டுத் திட்டம் வரைந்து பலகையை வீணாக்காமல் அறுக்கத் தெரிந்த பிள்ளை, நாளை பொறியாளரின் நாற்காலியிலும் தடுமாறாமல் உட்காரும்.

உலகம் இதை முன்பே செய்து காட்டியுள்ளது. ஆசியத் தோட்டங்களிலிருந்து தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் பிரிட்டனுக்குப் போயிற்று. 1950களில் அங்கிருந்த ஏழை இளைஞர்கள் அந்தக் காலிப் பெட்டியில் ஒரு கழியும் கயிறும் கட்டிக் கீழ்ச்சுருதி வாத்தியமாக்கினர். லிவர்பூலில் ஜான் லென்னன் பள்ளிப் பருவத்தில் தொடங்கிய குழுவிலும் அத்தகைய தேயிலைப் பெட்டி வாத்தியம் இருந்தது. அக்குழுவே பின்னர் பீட்டில்ஸ் ஆக வளர்ந்தது. தேயிலையைப் பறித்த நம் கைகள் அதன் பெட்டியைப் பார்த்து, "நம்மால் என்ன ஆகும்?" என்று கேட்கலாமா?

செய்யவேண்டியவை

1. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நன்கொடைப் பட்டியலுக்கு முன்பாகக் கைத்திறன் பட்டியல் எடுங்கள். தச்சு, மின்வேலை, தையல், வண்ணப்பூச்சு தெரிந்த பெற்றோர் யார் யார் என்று எழுதுங்கள்.

2. நான்கடி அகலம், எட்டடி நீளம் உள்ள ஓர் ஒட்டுப்பலகையில் தொடங்குங்கள். முதலில் மேசை, பிறகு அடுக்குச் சட்டம், பிறகு தட்டிகள். மூன்றையும் ஒரே வாரத்தில் முடிக்க எண்ணவேண்டாம்.

3. மேசையின் அடியில் அதைச் செய்த பெற்றோர், மாணவர் பெயர்களை எழுதி வையுங்கள். மேலே நன்கொடையாளர் பெயர் பொறித்த தகடு வேண்டாம்.

4. பதிவாகும் முதல் குரல் தோட்டத்தின் மூத்த பாட்டியுடையதாக இருக்கட்டும். அவர் இசைவைக் கேட்டுப் பெறுங்கள். பதிவின் ஒரு படியை அவர் குடும்பத்திற்கே கொடுங்கள்.

அடுத்த நன்கொடை விழாவுக்கு எவரேனும் உங்களை அழைத்தால் சென்று வாருங்கள், நன்றியும் சொல்லுங்கள். ஆனால் மேசை வேண்டுமா என்று அவர் கேட்டால், பலகையும் திருகாணியும் போதும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.