கேட்கக் கூசிய கேள்வி

கருப்பைவாய்ப் புற்றுக்கு அறுவை முடிந்தபின் என் அண்ணிக்கு ஒரு மருத்துவமனையில் ஐந்து வாரம் கதிர்வீச்சு தந்தார்கள். நோய் போயிற்று, வயிற்றுப்போக்கு போகவில்லை. இரண்டாண்டுகளாகச் சங்க விழாக்களுக்கே வருவதில்லை. வந்த இடத்தில் கழிப்பறை எங்கே என்று எத்தனை முறை கேட்பது?

கதிர்வீச்சைத் திட்டமிடுவதில் பல முறைகள் உண்டென்பதே எங்களுக்குத் தெரியாது. முப்பரிமாண முறையில் சில திசைகளிலிருந்து பாயும் கதிரில் குடலும் கணிசமாக வாங்கிக்கொள்ளும். ஐ.எம்.ஆர்.டி. முறையில் கதிரின் செறிவைக் கூட்டிக் குறைத்து, படமெடுத்துச் சரிபார்த்து, குடலைக் கூடியவரை தப்பவைக்கிறார்கள்.

நம் மும்பை டாட்டா நினைவு மைய மருத்துவர்கள் அறுவை முடிந்த 300 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2021-இல் முடிவை வெளியிட்டனர். மூன்றாண்டுகளுக்குள் மிதமான அல்லது கடுமையான குடல் தொல்லை முதல் முறையில் நூற்றுக்கு 42 பேருக்கு. இரண்டாவதில் 21 பேருக்கு. நோயைத் தடுப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

புதியதெல்லாம் நல்லதென்று நான் சொல்லவரவில்லை, செலவும் கூடும். ஆனால் சேலை எடுக்க நாலு கடை ஏறி இறங்கும் நாம், "எந்த முறை, டாக்டர்? ஏன்?" என்று கேட்கலாமே! பெண்கள் சமாச்சாரம் என்று அண்ணன் கூசினார். உடன் போன நானும்தான் கூசினேன்.